டேங்கை ரொப்பினால் சீக்கிரம் நிற்கும் பவர் வீடர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடந்த ஐப்பசியில் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், சின்ன ஜெனரேட்டர், களை எடுக்கும் பவர் வீடர் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறை என்னுடையது. வேலை தெரிந்தவன்தான் என்றாலும் இந்த ஒரு மெஷினில் நான்கு நாள் தடுமாறினேன். எங்கே தடுமாறினேன் என்பது இதே தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மெஷின் 7 குதிரைத்திறன் பெட்ரோல் வீடர். ஃபோர் ஸ்ட்ரோக், 212 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. இன்ஜினுக்கு மேலேயே மூன்றரை லிட்டர் டேங்க். பெட்ரோல் பம்பு கிடையாது. டேங்கிலிருந்து தானாக இறங்கி ஒரு ஓஸ் வழியாக, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு வரும். வாங்கி மூன்று வருடம். போன பங்குனியில் வேலை முடிந்ததும் கொட்டகையில் நிறுத்தியவர்கள், மக்காச்சோளம் விதைத்து இருபத்திரண்டாம் நாள்தான் மறுபடி வெளியே எடுத்திருக்கிறார்கள்.

உரியவர் ஐம்பதைத் தாண்டிய விவசாயி. அவரும் மனைவியும்தான் காட்டு வேலை பார்க்கிறார்கள். இரண்டு ஏக்கர், கரிசல் மண். கரிசலில் மழை பெய்த மறுநாள் வீடரை இறக்க முடியாது, மண் அப்பிக்கொள்ளும். காய்ந்து இறுகிவிட்டாலும் பல் இறங்காது. நடுவில் மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள்தான் பதம் இருக்கும். பயிர் இடுப்பு உயரம் வந்துவிட்டால் அப்புறம் மெஷின் உள்ளேயே போகாது. எனவே பட்டறையில் நான் வீணாக்கிய ஒவ்வொரு நாளும் அவருடைய பதத்தில் ஒரு நாள்.

முதல் நாள்: ஸ்டார்ட் ஆகவே இல்லை

லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். வழியில் மெஷின் சாய்ந்தால் பெட்ரோல் ஒழுகும் என்று டேங்கை முழுக்க வடித்துவிட்டு வந்திருந்தார். பொறுப்பான காரியம்தான். ஆனால் பின்னால் நடந்த குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரண்ட் நன்றாக வந்தது. பிளக் நுனி காய்ந்திருந்தது. டேங்கை வடித்திருந்தாலும் கார்புரேட்டரில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இருபது முறை கயிறு இழுத்தும் பிளக் நனையவில்லை என்றால் பெட்ரோல் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரின் கீழ்க் கிண்ணத்தை இறக்கினேன். அடியில் வெள்ளையாக மாவு போல் ஒரு படிவு, ஓரமெல்லாம் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பிசுக்கு. பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். ஆறு மாதம் அப்படியே கிடந்தால் அலுமினியக் கிண்ணம் அரிக்காமல் என்ன செய்யும்?

ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளை. அதில் ஐடில் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது முழுதும் அடைத்திருந்தது. மெயின் ஜெட் பாதி. கம்பி விட்டுக் குத்தவில்லை. பித்தளையில் இரும்புக் கம்பியை விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அதன்பிறகு அந்த ஜெட் அந்த ஜெட் இல்லை. கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பிரஷ் முடியால் நெருடி, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பூட்டினேன்.

டேங்கில் பெட்ரோல் இல்லாததால் பட்டறையில் வழக்கமாகத் தொங்கும் டெஸ்ட் பாட்டிலிலிருந்து கார்புரேட்டருக்கு நேராக ஓஸ் கொடுத்து ஓட்டினேன். முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட். பத்து நிமிடம் ஓடியது, குறையே இல்லை. டேங்குக்குள் டார்ச் அடித்தேன். துரு இல்லை, வலை சுத்தம். மூடியின் உள்பக்கம் ரப்பர் வாஷர் இல்லாததையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அதை ஒரு கோளாறாக அன்று நினைக்கவில்லை. 250 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள்: பத்து நிமிடக் கணக்கு

மறுநாள் காலை பத்து மணிக்கே மெஷினோடு திரும்ப வந்தார்.

"தம்பி, ஸ்டார்ட்டு நல்லா ஆவுது. பத்து நிமிசம் ஓட்டுனா நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டு இழுத்தா மறுபடி ஓடுது. டேங்க ரொப்புனா இன்னும் சீக்கிரமா நிக்குது."

கடைசி வரியை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெட்ரோல் நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்குமாம், அது எப்படி? அலுப்பில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இந்த நான்கு நாளில் கோளாறின் பெயரையே சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

சூடானதும் நிற்கிறது, ஆறினதும் ஓடுகிறது. இதைக் கேட்டால் எந்த மெக்கானிக்கின் கையும் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்குத்தான் போகும். சூட்டில் காயிலின் உள்சுற்று விட்டுப்போனால் இதே மாதிரிதான் நடக்கும். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சாரும் சிலவற்றில் இப்படி ஏமாற்றும். ஆயில் அளவு சரியாக இருந்தது. ஆனாலும் சென்சார் வயரைப் பிரித்துவிட்டு, காயிலை மாற்றினேன். மறுபடி டெஸ்ட் பாட்டில், மறுபடி இருபது நிமிட ஓட்டம். நிற்கவில்லை. காயில்தான் போயிருந்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இங்கே என் தவறு இரண்டு. பழைய காயிலோடு பட்டறையில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, அது நிற்பதை என் கண்ணால் பார்த்த பிறகு அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? நிற்காத மெஷினில் பாகத்தை மாற்றிவிட்டு, மாற்றியபின் நிற்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அது ஒன்று. இன்னொன்று பாட்டில். மேலே காற்று ஓட்டை போட்டுத் தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து பெட்ரோல் கொடுத்தால் டேங்க், டேங்க் மூடி, ஓஸ் மூன்றும் சோதனைக்கு வெளியே போய்விடுகின்றன. கோளாறு இருந்த இடத்தை நானே ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்: புது கார்புரேட்டர், புதுத் தொல்லை

மறுபடி போன் வந்தது. அதே கதை. காயில் இல்லையென்றால் கார்புரேட்டர். கிண்ணத்துக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி சிக்குகிறது போல என்று நினைத்து, கடையில் கிடைத்த வேறு கம்பெனி கார்புரேட்டர் ஒன்றைப் பூட்டினேன். பூட்டும்போது இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டையின் பேப்பர் பேக்கிங் ஓரத்தில் கிழிந்தது. புதுப் பேக்கிங் கையில் இல்லை. பேஸ்ட் தடவிப் பழையதையே வைத்து இறுக்கினேன். ஓடவிட்டால் இன்ஜின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. ஐடில் ஸ்குரூவைத் திருகி அதை அமுக்கினேன். சாயங்காலம் ஆகிவிட்டது, அவர் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு நிற்கிறார். அவசரத்தில் செய்த வேலை. மன்னிப்பு கேட்கும்படியான வேலையும்கூட.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மூன்று நாளில் இந்த இன்ஜின் நிற்பதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காட்டுக்கே போவது என்று முடிவெடுத்தேன்.

நான்காம் நாள்: காட்டில் பார்த்தது

காலை ஏழு மணி. நான் வண்டியிலிருந்து டூல்ஸை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா, அதாவது அவர் மனைவி, கேனிலிருந்து டேங்கை ரொப்பி மூடியைப் போட்டுவிட்டார். அதை நான் கவனிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று, கவனித்திருந்தால் மூடிக்கு அடியில் அவர் வைத்ததை அங்கேயே எடுத்திருப்பேன், கோளாறு தன் முகத்தைக் காட்டியிருக்காது.

முதல் சால் போய்த் திரும்பியது. இரண்டாவது, மூன்றாவது. எட்டாவது நிமிடம் இன்ஜின் சத்தம் தளர்ந்தது. ஒரு இழுப்பு இழுத்தது, மறுபடி தளர்ந்தது. காயில் கோளாறாக இருந்தால் சுவிட்சைத் தட்டியது போல் பட்டென்று நிற்கும். இது பசித்தவன் நடை தளர்வது மாதிரி இருந்தது. ஓடிப்போய் சோக்கை, அதாவது காற்றைக் குறைக்கும் தகட்டை, மூடினேன். மூன்று நான்கு விநாடி சுறுசுறுப்பாக ஓடி, அப்புறம் நின்றுவிட்டது. சோக் போட்டால் தெம்பு வருகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை.

பழக்கத்தில் விவசாயி அண்ணன் கை மூடிக்குப் போனது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடியைத் தொடாதீங்கண்ணே. எதையும் தொடாதீங்க. இப்படியே இருக்கட்டும்."

முதலில் கரண்ட். பெட்ரோலைத் திறந்துவிட்ட பிறகு பொறி பார்ப்பது ஆபத்து என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. டெஸ்டரில் பொறி நீலமாக, தடையில்லாமல் வந்தது. பிளக் காய்ந்து வெளுத்திருந்தது. அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை, கீழே ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, தளர்த்தினேன். ஒரு ஸ்பூன் அளவு வந்தது. பிறகு சொட்டு. ஒரு சொட்டு, இடைவெளி, இன்னொரு சொட்டு. மேலே மூன்று லிட்டருக்கு மேல் பெட்ரோல். கீழே கிண்ணம் காலி.

போல்ட்டைத் திறந்தபடியே விட்டு, அண்ணனை இப்போது மூடியை மெதுவாகத் திருகச் சொன்னேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம். அதே நொடியில் சொட்டு நூலாகி, நூல் தாரையாகி, பாட்டிலில் சளசளவென்று விழுந்தது.

மூடிக்கு அடியில், டேங்கின் வாயில் ஒரு பால் கவர் துண்டு. நாலாக மடித்து வைத்தது. பெட்ரோல் பட்டு லேசாக உப்பி, நடுவில் கிண்ணம் மாதிரி உள்பக்கம் குழிந்திருந்தது. சுற்றிலும் டேங்க் வாயின் வட்டம் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருந்தது.

"அந்தக் கவரு நான்தான் வச்சேன் தம்பி" என்றார் அக்கா. "வாசர் போயிடுச்சு. மெசினு குலுங்குறப்போ பெட்ரோலு வழிஞ்சு சைலன்சருமேல விழுவுது. தீப்புடிச்சா யாரு பாக்கறது?"

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. சூடான சைலன்சர்மேல் பெட்ரோல் சொட்டுவது இன்ஜின் நிற்பதைவிடப் பெரிய ஆபத்து. வெளியே எடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு முறை ரொப்பும்போதும் அவர்தான் புதுக் கவர் வைத்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றும்முன் டேங்கை வடிக்கும்போது கவர் கீழே போய்விடும். அதனால் பட்டறைக்கு வந்த மெஷினில் அது ஒருபோதும் இல்லை. அண்ணனுக்கு அது சொல்லத்தக்க விஷயமாகவே படவில்லை. அக்காவை நான் கேட்கவே இல்லை.

ஏன் டேங்க் நிறைந்தால் சீக்கிரம் நின்றது

மூடியில் ஒரு சின்ன காற்று ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். ஓட்டையைக் கவர் அடைத்துவிட்டது.

டேங்கில் பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் உயரம்தான். அந்த உயரம் கொடுக்கும் தள்ளுவிசை வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. எனவே டேங்குக்குள் அழுத்தம் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலே இறக்கம் நின்றுபோகும். டேங்க் பாதி காலியாக இருந்தால் மேலே ஒன்றே முக்கால் லிட்டர் காற்று. அது ஒரு சதவீதம் விரிய 17 மில்லியாவது இறங்க வேண்டும். வாய்வரை ரொப்பிவிட்டாலோ மேலே ஒரு டம்ளர் காற்றுதான். இரண்டு மில்லி இறங்கினாலே போதும். கவர் முழுக்க இறுகி அடைக்காமல் மரை வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்ததாலும், பெட்ரோல் ஆவி அந்த இடத்தை ஓரளவு நிரப்பியதாலும்தான் எட்டு பத்து நிமிடமாவது ஓடியது. நின்றபிறகு அதே கசிவுதான் மெல்ல மெல்ல அழுத்தத்தைச் சமன் செய்து, கிண்ணத்தை மறுபடி நிரப்பியிருக்கிறது. நான் அதைச் சூடு, ஆறுதல் என்று படித்துவிட்டேன்.

அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

மிச்சமிருந்த கோளாறு, நான் வைத்தது

கவரை எடுத்துவிட்டு, தற்காலிகமாக மூடியைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி, டேங்கைப் பாதிக்குமேல் ரொப்பாமல் ஓட்டினோம். நிற்கவில்லை. ஆனால் சத்தம் ஏறி இறங்குவது தொடர்ந்தது. பாதி சோக்கில் வைத்தால் சமனாக ஓடியது.

வடிகால் போல்ட்டில் ஒரு நிமிடம் பிடித்து அளந்தேன். 100 மில்லிக்கு மேல் வந்தது. இந்த இன்ஜின் முழு லோடில் நிமிடத்துக்கு 50 மில்லிக்கு உள்ளேதான் குடிக்கும். பெட்ரோல் தாராளம். அப்படியானால் கணக்கில்லாத காற்று எங்கிருந்தோ வருகிறது. கறுப்புக் கட்டை இருக்கும் இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சொட்டவிட்டேன். ஒரு கணம் சத்தம் சமனாகி மறுபடி ஆடியது. நான் பேஸ்ட் தடவி ஒட்டவைத்த அதே இடம். சிலர் இதற்குக் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் இருக்க, வரப்பில் நின்றுகொண்டு அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

டவுனுக்குப் போய்ப் பேக்கிங் செட்டும், வாஷரோடு புது மூடியும் வாங்கிவந்தேன். முதல் நாள் நான் சுத்தம் செய்த பழைய கார்புரேட்டரையே புதுப் பேக்கிங்கோடு பூட்டினேன். பழைய காயிலையும் திரும்பப் போட்டேன். சென்சார் வயரையும் இணைத்தேன். டேங்கை முழுக்க ரொப்பி, மூடியை இறுக்கி, மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினார். நிற்கவும் இல்லை, ஆடவும் இல்லை, ஒழுகவும் இல்லை.

விளைவு

அன்று இருட்டும்வரை முக்கால் ஏக்கர் முடிந்தது. ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் மண்ணில் கால் வைக்க முடியவில்லை. அதற்குள் களை மேலேறிவிட்டதால் மீதி ஒன்றே கால் ஏக்கரை ஆள் விட்டுத்தான் எடுத்தார்கள். ஆட்டோ வாடகை தனி.

காயிலுக்கும் கார்புரேட்டருக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் கூலி, பேக்கிங் 60, மூடி 150. அவ்வளவுதான் நியாயமான பில். முதல் நாளே அந்த வாஷரைக் கேட்டிருந்தால் பில்லும் அதோடு முடிந்திருக்கும், பதமும் தப்பியிருக்கும்.

முதல் நாள் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தது வீண் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது உண்மையாகவே அடைத்திருந்தது. இரண்டு கோளாறு தனித்தனியாக ஒரே மெஷினில் இருந்தன. முதலாவது சரியானதும்தான் இரண்டாவது வெளியே தெரிந்தது. மூன்றாவதை நான் சேர்த்தேன்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறேன்

டெஸ்ட் பாட்டில் இன்னும் தொங்குகிறது, ஆனால் அதற்கு இப்போது வேறு வேலை. முதல் ஓட்டம் மெஷினின் சொந்த டேங்கில், டேங்கை ரொப்பி, மூடியை இறுக்கி, இருபது நிமிடம். அதில் நின்றால்தான் பாட்டிலுக்கு மாற்றுவேன். பாட்டிலில் நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். பாட்டிலிலும் நின்றால் கார்புரேட்டரோ காயிலோ. லோடு இல்லாமல் ஓட்டும்போது பெட்ரோல் குறைவாகவே செலவாகும் என்பதால் பட்டறையில் பாஸான மெஷின் காட்டில் பெயிலாகலாம். சந்தேகம் தீராவிட்டால் இப்போதெல்லாம் நேரே காட்டுக்குப் போய்விடுகிறேன்.

நின்ற மெஷினில் மூடியைத் திறப்பதற்கு முன் கரண்ட், அப்புறம் வடிகால் போல்ட். கிண்ணம் நிறைந்திருந்து பொறி இல்லையென்றால் காயிலைப் பார்க்கலாம். கிண்ணம் காலியாக இருந்து, மூடியைத் திறந்ததும் தாரை வந்தால் காற்று ஓட்டை. மூடியைத் திறந்தும் சொட்டாகவே வந்தால் ஓஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓஸில் தாரையாக வந்தால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் டேப்பிலோ ஃப்ளோட் ஊசியிலோ சிக்கல். ஓஸிலும் வரவில்லையென்றால் டேங்கின் வலையில் அடைப்பு, அல்லது ஓஸ் உள்பக்கம் உப்பியிருக்கிறது. எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஓஸ் வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே உப்பிக்கிடப்பதை இந்த வருடத்தில் மட்டும் நாலைந்து பார்த்துவிட்டேன்.

கிழிந்த பேக்கிங்கை மறுபடி வைப்பதில்லை. எந்த அவசரமாக இருந்தாலும்.

சீசன் முடிந்து நிறுத்துபவர்களிடம் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடச் சொல்கிறேன், கிண்ணம் காய்ந்துவிடும். டேங்கையும் வடித்துவிடச் சொல்கிறேன்.

பில் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றுவது யார்? கொண்டுவந்தவர் இல்லையென்றால் அவருக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். தை மாதம் அந்த அக்கா மருந்தடிக்கும் மெஷினோடு வந்தார். பில் எழுதும் முன்பே, "வாசரு ரெண்டு சேத்துக் குடு தம்பி, ஒண்ணு வீட்டுல கெடக்கட்டும்" என்றார்.